கையெழுத்துப் படிக்கு ஒரு வாசகர்: ஊர் இலக்கிய வட்டங்கள் புதிய எழுத்தாளரை வளர்க்கும் விதம்

வார இதழுக்குக் கதை அனுப்புகிறவர், தம் முகவரியை எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உடன் வைத்து அனுப்ப வேண்டும் என்பது தமிழ்ப் பத்திரிகை உலகில் நெடுங்காலம் இருந்த வழக்கம். கதை தேறவில்லை என்றால் அந்த உறையிலேயே அது வீடு திரும்பும். கூடவே, பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். என் பத்தொன்பதாம் வயதில் அப்படி மூன்று உறைகள் எனக்கு வந்தன; நான்காவது முறை அனுப்பிய கதை, உறையோடு எங்கேயோ தங்கிவிட்டது. மூட்டை மூட்டையாகத் தபால் குவியும் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதிக்கொண்டிருக்க எந்த ஆசிரியராலும் முடியாது என்பது பிற்பாடு புரிந்தது. ஆனாலும் அந்த வயதில் எனக்குப் பிரசுரத்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டவர், அந்தக் கதை எந்த இடத்தில் கால் இடறியது என்று சொல்லக்கூடிய ஓர் ஆள். அந்த ஆளை நான் கண்டடைந்தது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில், மாதம் ஒரு முறை கூடும் இலக்கிய வட்டத்தில்.

எழுதி முடிப்பதற்கும் அச்சேறுவதற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் பெரும்பாலானோர் எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். திறமை இல்லாததால் விட்டவர்களைவிட, படித்துச் சொல்ல யாரும் இல்லாததால் விட்டவர்களே அதிகம் என்பது இத்தனை ஆண்டுகளாகக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட எண்ணம். ஓர் ஊரின் எழுத்தாளர் வட்டம் புதியவருக்குச் செய்யும் உதவிகள் பல என்றாலும், அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒன்றே: அச்சுக்கு முன்பே, கையெழுத்துப் படியாக இருக்கும்போதே, அதை முழுதாகப் படிக்கிற ஒரு வாசகரை அது தருகிறது.

வட்டம் என்று இங்கே சொல்வது பல பெயர்களில் இயங்குவது. இலக்கிய வட்டம், வாசகர் வட்டம், கலை இலக்கியப் பெருமன்றத்தின் கிளை, தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கிளை, சிற்றிதழ் ஒன்றைச் சுற்றிச் சேர்ந்த நண்பர்கள் என்று அது எதுவாகவும் இருக்கலாம். சிலவற்றுக்குப் பதிவு எண் உண்டு, பலவற்றுக்கு ஒரு குறிப்பேட்டைத் தவிர வேறு அடையாளம் இல்லை. உறுப்பினர்களைப் பார்த்தால் பள்ளி ஆசிரியர்களும் தபால் துறை, தொலைபேசித் துறை, வங்கி, ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் ஊழியர்களும் அச்சக உரிமையாளர்களும் நிறைந்திருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஓய்வும், மாதம் பிறந்தால் சம்பளமும், அவ்வப்போது பணியிட மாறுதலும் உள்ள வேலைகள் இவை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறுதலாகிப் போகிறவர் தம் டிரங்குப் பெட்டியில் சிற்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போவார். சென்ற ஊரில் ஆறு மாதத்துக்குள் புதிதாக ஒரு கூட்டம் தொடங்கியிருக்கும். தமிழில் தீவிர இலக்கியம் சிற்றூர்களுக்குப் பரவிய பாதைகளில் இந்தப் பணியிட மாறுதலும் ஒன்று.

இதற்கு முன்மாதிரியாகப் பலரும் சொல்வது, ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டியை. கம்பன் பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சுவைப்பதற்காகக் கூடிய சபை அது. புதியவர்களை எழுத வைப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. எழுதத் தொடங்கும் இளைஞர்களுக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் கும்பகோணத்தில் கிடைக்கிறது. அங்கே கு.ப. ராஜகோபாலனைச் சுற்றி தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு போன்ற இளைஞர்கள் சேர்ந்தார்கள். வெங்கட்ராமின் முதல் கதை 1936-இல் மணிக்கொடி இதழில் வந்தபோது அவருக்கு வயது 16. கு.ப.ரா. கண் நோயால் பார்வை மங்கி, அரசு வேலையை இழந்து, 1944-இல் தம் 42-ஆம் வயதில் மறைந்தவர். அந்தப் பார்வையற்ற நாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். அண்ணனின் வாக்கியங்களை எழுதி எழுதியே கதையின் நடையைக் கற்றுக்கொண்ட சேது அம்மாள் தாமும் சிறுகதை எழுத்தாளரானார். ஒரே அறையில் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைப் போன்ற பயிற்சி எழுத்துக்கு வேறு இல்லை என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம் அந்த அண்ணன் தங்கையே நினைவுக்கு வருவார்கள்.

எல்லோருக்கும் அப்படிப் பக்கத்தில் உட்காரும் பேறு வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களுக்குத் தபால் உதவியது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை நடத்திய எழுத்து இதழை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டு தொடங்கிய அந்த இதழுக்கு, இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற இளைஞர் கவிதை அனுப்பினார். அப்போது அவர் இருபது வயதை ஒட்டியவர். பிற்காலத்தில் பிரமிள் என்று அறியப்பட்ட அவரை அடையாளம் கண்டு தொடர்ந்து இடமளித்தது அந்தச் சிறிய இதழே. வெங்கட் சாமிநாதன் அதே இதழுக்கு எழுதிய வாசகர் கடிதத்தின் வழியாகவே விமர்சகராக வெளிப்பட்டார். 1962-இல் செல்லப்பா புதுக்கவிஞர்களின் படைப்புகளைத் திரட்டிப் புதுக்குரல்கள் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். பதிப்பித்த நூல்களைத் தாமே தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர் அவர். புதியவர்களின் வரிகளைப் படித்ததோடு நில்லாமல் அவற்றுக்காக வெயிலில் நடக்கவும் ஒருவர் இருந்தார் என்பது, அந்தத் தொகுப்பில் இடம்பெற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்திருக்கும்!

ஆனால் ஓர் ஊரே எழுத்தாளர்களை வளர்க்கும் நிலமாக மாறியதற்குத் தமிழில் கோவில்பட்டியைப் போல் இன்னோர் எடுத்துக்காட்டு அரிது. தீப்பெட்டித் தொழிலும் பஞ்சாலைகளும் மானாவாரி விவசாயமும் உள்ள அந்தக் கரிசல் வட்டாரத்தில், பக்கத்துக் கிராமமான இடைசெவலில் 1923-இல் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகையாளரானார். ராஜநாராயணன் ஊரிலேயே விவசாயியாக இருந்தார். இருவரையும் கடிதங்கள் இணைத்தன. படித்த நூல், கேட்ட ராகம், ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்பது வரை எல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு. முப்பது வயதைக் கடந்த பிறகே கதை எழுத வந்த ராஜநாராயணனுக்கு அதற்கு முந்தைய ஆண்டுகளெல்லாம் இந்த நட்பின் பேச்சிலும் எழுத்திலும் கழிந்த பயிற்சிக்காலம் என்றே சொல்லலாம்.

அவர் எழுத வந்த பிறகு செய்த காரியம், அடுத்த தலைமுறைக்குப் பேருதவியாக அமைந்தது. பேச்சு வழக்கைக் கதைக்குள் கொண்டுவந்ததோடு நிற்காமல், கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். அந்த வட்டாரத்து எழுத்தாளர்களின் கதைகளைக் கரிசல் கதைகள் என்று ஒரு நூலாகச் சேர்த்தார். தன் வீட்டில் பேசும் சொல்லை அச்சில் போடலாமா, போட்டால் கொச்சை என்று தள்ளிவிடுவார்களோ என்ற தயக்கம், சிற்றூரிலிருந்து எழுத வருகிற எவருக்கும் முதல் பக்கத்திலேயே எழும். பாடநூலின் தமிழில் எழுத முயன்று, தன் அம்மாவைத் தனக்கே அடையாளம் தெரியாதபடி பேச வைத்துவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அந்தச் சொற்களிலேயே எழுதிப் பேர் வாங்கியிருக்கிறார், அவரைப் போய்ப் பார்க்கலாம், பேசலாம் என்ற நிலை வரும்போது அந்தத் தயக்கம் தானாகக் கரைந்துவிடுகிறது. இதை எந்தப் பட்டறையிலும் பாடமாக நடத்த முடியாது.

1970களிலும் 80களிலும் கோவில்பட்டியில் கூடியவர்களின் பட்டியல் வியப்பளிப்பது. தேவதச்சன், கௌரிஷங்கர், ச. தமிழ்ச்செல்வன், அவர் தம்பி கோணங்கி, உதயசங்கர், அப்பாஸ், பூமணி, சோ. தர்மன் என்று அது நீளும். தமிழ்ச்செல்வன் தபால் துறையிலும் உதயசங்கர் ரயில்வேயிலும் பூமணி கூட்டுறவுத் துறையிலும் வேலை பார்த்தவர்கள். தர்மன் ஆலைத் தொழிலாளி. தேவதச்சனின் நகைக்கடையும் காந்தி மைதானமும் அவர்கள் பேசித் தீர்த்த இடங்கள். அவர்களுக்குள் ஒரே கொள்கையோ ஒரே நடையோ இருக்கவில்லை. ஒருவர் இடதுசாரி அமைப்பில் முழுமூச்சாக வேலை செய்தார், ஒருவர் தத்துவக் கவிதை எழுதினார், ஒருவர் கதையின் இலக்கணத்தையே கலைத்துப் பார்த்தார். ஒருவரை ஒருவர் போலச் செய்யாமல் ஒருவரை ஒருவர் படித்தார்கள் என்பதே அந்த ஊரின் சிறப்பு. சாகித்திய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970-இலும், ராஜநாராயணனுக்கு 1991-இலும், பூமணிக்கு 2014-இலும், தர்மனுக்கு 2019-இலும் கிடைத்தது. ஒரு சிறிய வட்டாரத்துக்கு நான்கு விருதுகள் வந்ததைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இத்தகைய கூட்டத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு காட்சியாகச் சொன்னால் விளங்கும். எங்கள் வட்டத்தில் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். கதை பத்து நாளுக்கு முன்பே நகலெடுக்கப்பட்டு உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. சில ஆண்டுகளுக்கு முன், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஒன்பது பக்கக் கதை ஒன்றைக் கொண்டுவந்தார். கணவனை இழந்த கிழவி ஒருத்தி, மகன் கட்டிய புதிய வீட்டில் தனக்கென்று கதவு உள்ள ஓர் அறையை முதன்முறையாகப் பெறுவதைப் பற்றிய கதை. அவர் படித்து முடித்ததும் யாரும் உடனே பேசவில்லை. ஓய்வுபெற்ற அஞ்சலகத் தலைவர் ஒருவர், பென்சிலால் கோடிட்ட தம் பிரதியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, மூணாம் பக்கத்துல அந்தம்மா உள்ள போயி தாப்பாளைப் போட்டுட்டு, மறுபடியும் எடுத்துப் பார்க்குதே, அங்கதானே கதை ஆரம்பிக்குது? அதுக்கு முந்தின ரெண்டு பக்கமும் நீங்க கதைக்குள்ள நுழையறதுக்கு எடுத்துக்கிட்ட நேரம். அது உங்களுக்குத் தேவை, எங்களுக்கு வேண்டாம்.”

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. அந்த இரண்டு பக்கங்களில்தான் வீட்டின் வரலாறு முழுவதையும் அவர் எழுதியிருந்தார். “அப்போ மகன் எப்படிப்பட்டவன்னு தெரியாமப் போயிடாதா சார்?” என்று கேட்டார். இன்னோர் உறுப்பினர், பள்ளி ஆசிரியை, ஆறாம் பக்கத்தைக் காட்டினார். தாழ்ப்பாள் இறுகிப்போனதை மகன் எண்ணெய் விட்டுச் சரிசெய்து கொடுக்கிற இடம் அங்கே இருந்தது. மகன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அந்த எண்ணெய்க் கிண்ணம் போதும் என்றார் ஆசிரியை. பிறகு பேச்சு கிழவி பேசும் ஒரு வசனத்துக்குத் திரும்பியது. ‘தனிமை’ என்ற சொல்லை அந்தக் கிழவி சொல்வாளா என்ற கேள்வியிலேயே அரை மணி நேரம் கழிந்தது. அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த கதை ஏழு பக்கம் இருந்தது, தாழ்ப்பாளில் தொடங்கியது, ‘தனிமை’ என்ற சொல் அதில் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு சிற்றிதழில் அது வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே யாரும் கதை எழுதுவது எப்படி என்று விரிவுரை நிகழ்த்தவில்லை என்பது. ஒன்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டு, பென்சிலோடு வந்து உட்கார்ந்தார்கள். பாராட்டுவதற்கும் குறை காண்பதற்கும் படிக்காமலேகூட முடியும், அப்படி நடப்பதும் உண்டு. மூன்றாம் பக்கத்தையும் ஆறாம் பக்கத்தையும் காட்டிப் பேச வேண்டுமானால் படித்தே ஆக வேண்டும். புதியவருக்குத் தம் எழுத்தின் மேல் மதிப்பு வருவது, பிறர் அதைக் கையில் எடுத்து இப்படிப் புரட்டுவதைப் பார்க்கும்போதுதான். கடுமையான குறையைச் சொன்னாலும், படித்துவிட்டுச் சொன்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது.

நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி முன்னின்று நடத்திய காகங்கள் கூட்டம் இவ்விதமானதே. எழுதியவர் தம் படைப்பைப் படிக்க, மற்றவர்கள் அதை முன்வைத்து விவாதித்தார்கள். அதே ஊர்ச் சூழலில், எம்.எஸ். என்று நண்பர்களால் அழைக்கப்பட்ட எம். சிவசுப்ரமணியம் செய்த பணியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தாமே நல்ல மொழிபெயர்ப்பாளராக இருந்தும், பிறருடைய கையெழுத்துப் படிகளை வரி வரியாகப் படித்துச் செம்மைப்படுத்திக் கொடுப்பதில் அவர் காட்டிய பொறுமை அந்த வட்டத்து எழுத்தாளர்கள் பலருடைய நூல்களில் கலந்திருக்கிறது. தமிழ்ப் பதிப்பகங்களில் பிரதியைச் செம்மையாக்கும் ஆசிரியர் என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் பரவலாக இல்லை. மெய்ப்புப் பார்ப்பதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. எனவே ஒருமை பன்மை மயக்கம், காலக் குழப்பம், நாலாம் அத்தியாயத்தில் இறந்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் தேநீர் குடிப்பது ஆகியவற்றையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்வது நண்பர்களின் பொறுப்பாகவே இருந்துவருகிறது.

பெரிய அமைப்புகள் வேறு விதத்தில் உதவின. ப. ஜீவானந்தம் 1961-இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும் 1975-இல் மதுரையில் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் ஊர்தோறும் கிளைகளை வைத்தன. தாமரை, செம்மலர் ஆகிய இதழ்கள் கிளைகளிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு இடம் தந்தன. சென்னையில் 1970 முதல் இயங்கிய இலக்கியச் சிந்தனை, மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முடிவில் அந்தப் பன்னிரண்டையும் நூலாக்கியது. தொலைவில் எங்கோ உட்கார்ந்து எழுதிய ஒருவருடைய கதையை முகம் தெரியாத ஒருவர் படித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்ற செய்தி, பரிசுத்தொகையைவிட நெடுநாள் நின்றது.

கடல் கடந்த தமிழரிடையே இந்த வேலை இன்னும் முறையாக நடந்திருக்கிறது. மலாயாவில் தமிழ் நேசன் நாளிதழ் 1950களின் தொடக்கத்தில் கதை வகுப்பு என்ற பகுதியையே நடத்தியது. தோட்டப்புறங்களிலிருந்து எழுத வந்த பலருக்கு அது பள்ளிக்கூடமாக இருந்தது. சிறிது காலத்தில் கு. அழகிரிசாமி அந்த நாளிதழில் பணியாற்றச் சென்று, அங்குள்ள இளைஞர்களைச் சேர்த்து இலக்கிய வட்டமும் நடத்தினார். இடைசெவலில் நண்பனோடு பேசிக் கற்றதை அவர் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தம் முடிதிருத்தும் நிலையத்தில் இருந்துகொண்டே 1966-இல் மல்லிகை இதழைத் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். முடி வெட்டிக்கொள்ள வருகிறவரும் கதை கொடுக்க வருகிறவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்த அந்த இடத்திலிருந்து ஈழத்து எழுத்தாளர்களில் ஒரு வரிசையே எழுந்துவந்தது.

இந்த வட்டங்களின் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேநீர்க் கடை, மைதானம், விடுதி அறை, இரவு பதினொரு மணி வரை நீளும் பேச்சு என்று அமைந்த நட்புகளில் பெண்கள் எப்படிப் பங்கேற்றிருக்க முடியும்? துவரங்குறிச்சியில் வீட்டைவிட்டு வெளியேற முடியாத நிலையில் ஒளித்து ஒளித்து எழுதிய சல்மாவின் கவிதைகள், தாயின் உதவியோடு வெளியுலகை அடைந்தன. அவருடைய முதல் தொகுப்பு வந்தது 2000-இல். தலித் எழுத்தாளர் பாமா கருக்கு என்ற தன்வரலாற்று நூலை எழுதி, அது 1992-இல் வெளிவருவதற்கு, அவரைச் சுற்றியிருந்தவர்களின் தூண்டுதல் காரணமாக இருந்தது. அதுவரை இருந்த இலக்கிய வட்டங்கள் அவரைத் தேடிப் போகவில்லை. புலம்பெயர்ந்த ஈழத்துப் பெண்கள் 1990 முதல் ஐரோப்பாவில் பெண்கள் சந்திப்பு என்று தனியாகக் கூடத் தொடங்கியதற்கும் இதுவே காரணம். எங்கள் வட்டம் மாலைக் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிய பிறகே பெண்கள் தொடர்ந்து வந்தார்கள். மருந்துக்கடைப் பெண்ணின் கதை எங்களுக்குக் கிடைத்தது அந்த நேர மாற்றத்தால்தான். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் எத்தனை கதைகளை இழந்தோமோ தெரியாது.

கதை தேறி, தொகுப்பாகச் சேர்ந்த பிறகு வேறு வகையான உதவி தேவைப்படுகிறது. வேண்டும்போது வேண்டிய அளவு அச்சிடும் வசதி வந்த பிறகு நூறு பிரதியோடுகூட நூல் வெளியிட முடிகிறது. அதனால் பதிப்பாளரிடம் முன்பணம் கட்டி நூல் போடுவதும் பெருகியிருக்கிறது. முதல் நூல் என்ற ஆசையில் கையெழுத்துப் போடும் இளைஞரை நிறுத்தி, ஒப்பந்தத்தை வாங்கிப் படிப்பது மூத்தவர்களின் கடமை. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை எழுத்துமூலமே கைமாற்ற முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பெற்றவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு வருமானம் தரக்கூடிய உரிமை அது. இந்த விவரங்களை அறியாமல், எல்லா உரிமையும் என்றென்றைக்கும் என்ற ஒரு வரியின் கீழ் கையெழுத்திட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விற்பனையில் பத்து விழுக்காடு என்று வழக்கமாகப் பேசப்படும் உரிமைத்தொகை எப்போது, எந்தக் கணக்கைக் காட்டித் தரப்படும் என்று கேட்கும் துணிவு, பக்கத்தில் நாலு பேர் இருந்தால்தான் வருகிறது.

வட்டங்கள் கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பொன்னாடையும் நினைவுப் பரிசும் நிகழ்ச்சி நிரலில் மேலே ஏற ஏற, படித்துப் பேசுவதற்கான நேரம் குறைகிறது. வாழ்த்துரை வழங்குகிறவர் நூலின் அட்டையைப் பார்த்துவிட்டே பேசி முடிப்பதையும், முதல் நூலின் ஆசிரியர் அதற்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுததையும் கண்டிருக்கிறேன். இதைவிட நுட்பமான கேடு, ஒரே ஓர் ஆளுமையின் ரசனை எல்லோருடைய ரசனையாகவும் ஆகிவிடுவது. அவர் விரும்பும் வாக்கிய அமைப்பு, அவர் வெறுக்கும் எழுத்தாளர்கள், அவர் மேற்கோள் காட்டும் ருஷ்ய நாவல்கள் எல்லாம் இளைஞர்களின் பேச்சில் அப்படியே எதிரொலிக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த வட்டத்திலிருந்து வரும் பத்துக் கதைகளும் ஒரே கையால் எழுதியவை போல இருக்கும். எங்கள் வட்டத்தில் மிக மூத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தாங்கள் நினைத்ததை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை அவரேதான் கண்டு சொன்னார்.

இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒரே ஒருவருடைய உழைப்பு. நூலக மாடியின் சாவியை வாங்கி வருவது, நகலெடுப்பது, பத்து நாளுக்கு முன் எல்லோருக்கும் அனுப்புவது, வராதவரை விசாரிப்பது, குறிப்பேட்டில் எழுதிவைப்பது என்று அந்த வேலை யார் கண்ணிலும் படாமல் நடக்கும். அந்த ஆள் ஊர் மாறினாலோ உடல்நலம் குன்றினாலோ, இருபது ஆண்டு வட்டம் மூன்றே மாதத்தில் நின்றுபோகிறது. எங்கள் வட்டத்தில் நெடுங்காலம் 50 காசு அஞ்சலட்டையில் அழைப்பு எழுதிக்கொண்டிருந்தவர் அந்த ஓய்வுபெற்ற அஞ்சலகத் தலைவர்தான். இப்போது அவருக்கு எழுத்துக்கள் சரியாகத் தெரிவதில்லை. சென்ற கூட்டத்தில் குறிப்பேட்டையும் மாடிச் சாவியையும் மருந்துக்கடைப் பெண்ணிடம் ஒப்படைத்தார். அவர் வாங்கிக்கொண்ட கையோடு, புதிதாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவரிடம் சென்று, அடுத்த மாதத்துக்குக் கதை இருக்கிறதா என்று கேட்டார். பிரதி பத்து நாளுக்கு முன்பே தம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் சொன்னார்.